நரம்பிலிருந்து தசைக்குச் செய்தி கடத்தும் அசிட்டைல்கோலின் உடனே உடைகிறது, கிட்டத்தட்ட அதே வடிவமுள்ள கார்பகோல் என்ற மருந்து ஏன் உடைவதில்லை?

நானும் பார்மகாலஜி படித்தபோது "கார்பகோலை நொதி உடைக்காது" என்று மனப்பாடம் செய்துதான் தேர்வு எழுதினேன். பிறகு ஒருநாள் இரண்டையும் ஒரே தாளில் பக்கத்துப் பக்கத்தில் வரைந்து பார்த்தபோதுதான் விஷயம் பிடிபட்டது.

அசிட்டைல்கோலினின் ஒரு முனையில் நேர்மின் சுமையுள்ள நைட்ரஜன், மறுமுனையில் அசிட்டைல், இடையில் நொதி உடைக்கும் எஸ்டர் பிணைப்பு. கார்பகோலில் அந்த அசிட்டைலின் ஓரத்து மெத்தில் இருந்த இடத்தில் அமினோ தொகுதி இருக்கிறது, மாற்றம் அவ்வளவுதான். ஆனால் அமினோ நைட்ரஜன் தன் எலக்ட்ரான் இணையைப் பக்கத்துக் கார்பனைலுக்கு (கார்பனும் ஆக்சிஜனும் இரட்டைப் பிணைப்பில் இணைந்த பகுதி) கொஞ்சம் கொடுத்துவிடுகிறது, அதனால் நொதி தாக்க வேண்டிய அதே கார்பனுக்கு எலக்ட்ரான் தேவை குறைந்துபோய், தாக்குதல் சரியாக எடுபடுவதில்லை.

இனி அசிட்டைல்கோலினை உடைக்கும் அந்த நொதி. மின்திருக்கை மீனிலிருந்து எடுத்த அசிட்டைல்கோலினெஸ்ட்டரேஸின் முப்பரிமாண வடிவத்தை சஸ்மன், சில்மன் குழுவினர் 1991இல் வெளியிட்டார்கள். வேலை நடக்கும் இடம் மேற்பரப்பில் இல்லை, சுமார் 20 ஆங்ஸ்ட்ராம் (ஒரு ஆங்ஸ்ட்ராம் மில்லிமீட்டரில் கோடியில் ஒரு பங்கு) ஆழமுள்ள ஒரு குறுகிய பள்ளத்தின் அடியில் இருக்கிறது. நேர்மின் நைட்ரஜனைப் பிடித்து வைப்பதில் முக்கியப் பங்கு டிரிப்டோபேன் என்ற அமினோ அமிலத்தின் வளையத்துக்கு; எதிர்மின் சுமைதான் அதைப் பிடிக்கிறது என்று அதுவரை நினைத்திருந்தார்கள். எனக்கு இந்த நொதியில் மிகவும் பிடித்த இடம் இதுதான்.

சரி, அடியில் என்ன நடக்கிறது? ஹிஸ்டிடின், குளுட்டமேட் என்ற அமினோ அமிலங்களின் துணையோடு செரின் என்ற இன்னொரு அமினோ அமிலம் கார்பனைலைத் தாக்குகிறது, கோலின் கழன்று போகிறது, அசிட்டைல் செரினிலேயே ஒட்டிக்கொள்கிறது, அப்புறம் ஒரு நீர் மூலக்கூறு வந்து அதையும் விடுவிக்கிறது. ஒரே நொதி மூலக்கூறு நொடிக்கு ஆயிரக்கணக்கில் இதைச் செய்துவிடும்.

என்னைக் கேட்டால் பலரும் கவனிக்காமல் விடுவது அந்தக் கடைசிப் படியைத்தான். செரின் எவ்வளவு சீக்கிரம் விடுபடுகிறது என்பதைப் பொறுத்தே எல்லாம். அசிட்டைல் ஒட்டியிருந்தால் ஒரு மில்லிநொடிகூட ஆகாது. நியோஸ்டிக்மின் என்ற மருந்து தன் கார்பமேட்டை (கார்பகோலில் உள்ளது போல நைட்ரஜன் ஒட்டிய கார்பனைல்) ஒட்டிவிட்டுப் போனால் செரின் விடுபடப் பல நிமிடங்கள் ஆகும், அதுவரை அசிட்டைல்கோலின் சேர்ந்துகொண்டே போகும், தசை பலவீன நோயான மயஸ்தீனியா உள்ளவரின் தசைக்கு வலு கிடைப்பது அதனால்தான்.

பள்ளத்தின் அளவும் முக்கியம். இரத்தத்தில் உள்ள பியூட்டிரைல்கோலினெஸ்ட்டரேஸில் அசிட்டைல் உட்காரும் குழியை நெருக்கும் இரண்டு பினைல்அலனின்களுக்குப் பதில் சிறிய அமினோ அமிலங்கள் இருப்பதால் குழி அகலம். இரண்டு அசிட்டைல்கோலின் முதுகோடு முதுகாக ஒட்டியது போன்ற, அறுவை சிகிச்சையில் தசையைத் தளர்த்தக் கொடுக்கும் சக்சினைல்கோலினை உடைப்பது இதுதான். பரம்பரையாக இந்த நொதி சரியாக வேலை செய்யாதவர்களுக்கு, சில நிமிடங்களில் தெளிய வேண்டிய தசைச் செயலிழப்பு மணிக்கணக்கில் நீடிக்கும்.

ஆர்கனோபாஸ்பேட் பூச்சிக்கொல்லிகள் இதே செரினில் பாஸ்பேட்டை ஒட்டிவிடுகின்றன, நீரால் அதை எளிதில் கழற்ற முடியாது. ப்ராலிடாக்சிம் என்ற மாற்றுமருந்து கழற்றும், ஆனால் அந்தப் பாஸ்பேட் ஓர் ஆல்கைல் தொகுதியை இழப்பதற்கு முன்பே கொடுத்தாக வேண்டும். இழந்துவிட்டால் பிணைப்பு இறுகிவிடும், உடல் புது நொதியைத் தயாரிக்கும் வரை காத்திருக்க வேண்டியதுதான்.