ஒருமுறை கலைத்தால் போதும்

கேள்வி: ஒரு டெக்ஸ்ட் கோப்பில் வரிக்கு ஒன்றாக 500 வினாக்கள் வைத்திருக்கிறேன். பாஷ் ஸ்கிரிப்ட் (லினக்ஸ் கட்டளைகளை வரிசையாக ஓட்டும் கோப்பு) அவற்றை முன்பின்னாகக் கேட்க வேண்டும், கேட்டதையே திரும்பக் கேட்கக் கூடாது. ரேண்டம் எண் எடுத்து, ஏற்கெனவே வந்திருந்தால் தள்ளிவிட்டு வேறு எண் எடுக்கிறேன். போகப் போக ரொம்ப இழுக்கிறது. என்ன செய்யலாம்?

பதில்: இழுக்கத்தான் செய்யும். கடைசி ஒரு வினா மட்டும் பாக்கி இருக்கும்போது, அதன் எண் விழுவதற்குச் சராசரியாக 500 முறை எடுத்துப் பார்க்க வேண்டும். 500 வினாவையும் முடிக்க மொத்தம் ஏறக்குறைய 3,400 முறை.

சீட்டாட்டத்தில் ஒவ்வொரு சீட்டுக்கும் கட்டைக் கலைப்பதில்லை. ஒருமுறை கலைத்துவிட்டு மேலிருந்து எடுத்துக்கொண்டே போகிறோம். இங்கேயும் அதுதான் வழி. லினக்ஸில் இதற்கென்றே 'ஷஃப்' கட்டளை இருக்கிறது. கோப்பின் பெயரைக் கொடுத்தால் எல்லா வரிகளையும் கலைத்து, ஒவ்வொன்றையும் ஒரே ஒரு முறை தரும்.

உங்கள் வேலையில் ஒரு பொறி உண்டு. ஷஃப் தருவதை பைப் (ஒரு கட்டளையின் வெளியீட்டை அடுத்ததற்கு ஊட்டும் குழாய்) வழியாக, வரி வரியாகப் படிக்கும் 'வொய்ல் ரீட்' லூப்புக்குக் கொடுத்து, லூப்புக்குள் இன்னொரு 'ரீட்' வைத்து விடையைக் கேட்டால், அந்த இரண்டாவது ரீட் கீபோர்டுக்குக் காத்திருக்காது, அதே பைப்பிலிருந்துதான் படிக்கும். அடுத்த வினாவையே விடையாக விழுங்கிவிடும்! அதனால் முதலில் எல்லாவற்றையும் வரிகளைப் படித்து வைக்கும் 'மேப்ஃபைல்' கட்டளை கொண்டு ஒரு அரேயில் (வரிசைப் பட்டியலில்) ஏற்றி, பிறகு 'ஃபார்' லூப்பில் ஓட்டுங்கள். மேப்ஃபைலுக்கும் பைப் வேண்டாம். பைப் வைத்தால் மேப்ஃபைல் தனியாக ஒரு துணை ஷெல்லில் ஓடும்; அங்கே ஏறிய அரே அங்கேயே காணாமல் போகும். கலைத்ததை ஒரு தற்காலிகக் கோப்பில் எழுதி, அதிலிருந்து படிக்க வையுங்கள்.

'சார்ட்' கட்டளையின் பெரிய ஆர் ஆப்ஷனும் கலைக்கும் என்பார்கள். கலைக்கும், ஆனால் ஒரே மாதிரியான வரிகள் இருந்தால் அவற்றைப் பக்கத்தில் பக்கத்தில் உட்கார வைக்கும். எனக்கு அது பிடிப்பதில்லை.

சொந்தமாகக் கலைக்க வேண்டுமென்றால் ஃபிஷர்–யேட்ஸ் முறை இருக்கிறது. 1938-இல் காகிதத்தில் செய்வதற்காக வந்தது. கணினிக்கேற்ற வடிவத்தை 1964-இல் டர்ஸ்டன்ஃபெல்ட் தந்தார். கடைசி இடத்திலிருந்து தொடங்கி, அந்த இடம் உட்பட அதற்கு முன்னுள்ளவற்றில் ஒன்றை ரேண்டமாக எடுத்து இடம் மாற்றி, ஒவ்வொரு இடமாகக் கீழே இறங்க வேண்டும். 'ஒவ்வொரு முறையும் எல்லா இடத்திலிருந்தும் எடுத்தால் என்ன?' என்று தோன்றும். மூன்று பொருளுக்கு அப்படி 3×3×3 = 27 வழிகள், வரிசைகளோ 6. 27-ஐ ஆறாகச் சமமாகப் பங்கிட முடியாதே! சில வரிசைகள் அதிகம் வரும். 2010-இல் மைக்ரோசாஃப்ட் ஐரோப்பாவில் காட்டிய பிரவுசர் தேர்வுத் திரையிலும் இப்படி ஒரு சாய்வு வெளிப்பட்டது. அங்கே காரணம் வேறு: வரிசைப்படுத்தும்போது 'இரண்டில் எது முன்னால்?' என்ற ஒப்பீட்டுக்கு ரேண்டம் விடை கொடுத்திருந்தார்கள்.

பைத்தானுக்கு மாறினால் 'ரேண்டம்.ஷஃபிள்' போதும். அது பட்டியலையே மாற்றிவிட்டு 'நன்' (ஒன்றுமில்லை என்ற மதிப்பு) தான் திருப்பித் தரும். அதைப் பட்டியல் இருந்த மாறியிலேயே போட்டு வைத்தால் பட்டியல் கையை விட்டுப் போகும்.

பாதியில் நிறுத்தித் தொடர வேண்டுமா? அந்தத் தற்காலிகக் கோப்பை அழிக்காமல், எத்தனையாவது வரி வரை முடிந்தது என்ற எண்ணையும் பக்கத்தில் சேமித்து வையுங்கள்.