ஸீனுக்கு எண் வாங்கித் தருகிறேன் என்பவரிடம் ஏமாறாதீர்கள்

கேள்வி: சென்னையில் ஒரு கல்லூரியில் விஸ்காம் துறையில் பணிபுரிகிறேன். மாணவர்கள் கையால் எழுதி, வரைந்து, ஜெராக்ஸ் போட்டு, ஸ்டேப்ளர் அடித்த ஸீன்கள் (zine, சொந்தமாகச் செய்யும் சிறு இதழ்கள்) அறுபதுக்கு மேல் சேர்ந்திருக்கின்றன. ஐ.எஸ்.பி.என். இல்லாததை நூலகப் பதிவேட்டில் ஏற்ற முடியாது என்கிறார்கள். ஒரு முகவர் எண்ணுக்கு 1,500 ரூபாய் கேட்கிறார். எல்லாவற்றையும் ஒன்றாக பைண்டிங் செய்து ஒரே எண் வாங்கிவிடலாமா?

பதில்: முகவருக்குப் பணம் கொடுக்காதீர்கள். பைண்டிங்குக்கும் அனுப்பாதீர்கள்.

நூலகத்தில் ஒன்றைச் சேர்க்க அக்சஷன் எண், அதாவது நூலகப் பதிவேட்டின் வரிசை எண் போதும், அதைப் போடுவது உங்கள் நூலகரேதான். ஐ.எஸ்.பி.என். புத்தக வியாபாரத்துக்கான அடையாள எண். 1970-க்கு முன் அச்சான தமிழ் நூல்கள் எதிலும் அது இல்லை. மாணவர்களின் ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டுகளிலும் இல்லை. அவற்றை அலமாரியில் வைத்துக்கொண்டே ஸீனுக்கு மட்டும் எண் கேட்பது விதியல்ல, ஆடிட் பயம். பயத்துக்குக் காரணம் பதிவேட்டின் விலைக் கட்டம். நன்கொடைப் பதிவேட்டில் ஏற்றி, விலை இருக்கும் இடத்தில் ‘இலவசம்’ என்று எழுதச் சொல்லுங்கள். பத்து ரூபாய், இருபது ரூபாய் என்று ஏதாவது போட்டால், ஒன்று தொலைந்ததும் அந்தப் பத்து ரூபாயை யாரிடம் வசூலிப்பது என்று ஒரு கோப்பு திறப்பார்கள்.

முகவர் விஷயத்துக்கு வருகிறேன். இந்தியாவில் ஐ.எஸ்.பி.என்.னை மத்திய கல்வி அமைச்சகத்தின் கீழுள்ள ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமை கட்டணமில்லாமல் தருகிறது. இணையத்தில் நீங்களே விண்ணப்பிக்கலாம். பணம் வாங்குபவர் பெரும்பாலும் தன் பதிப்பகத்துக்குக் கிடைத்த எண்களில் ஒன்றை எடுத்துத் தருவார். பதிவில் வெளியீட்டாளராக அவர் பெயர்தான் நிற்கும். கூடவே ‘சம்பிரதாயத்துக்கு’ என்று ஒரு தாளில் மாணவரிடம் கையெழுத்து வாங்குவார். அது காப்புரிமையை எழுதிக்கொடுக்கும் பத்திரமாக இருக்கலாம். படிக்காமல் கையெழுத்துப் போடக் கூடாது. 1957ஆம் ஆண்டு காப்புரிமைச் சட்டப்படி ஸீனின் உரிமை அதைச் செய்த மாணவருக்கே. கல்லூரிக்கும் கிடையாது, துறைக்கும் கிடையாது. பதிவு செய்தால்தான் உரிமை வரும் என்பதும் இதே முகவர்கள் பரப்பும் பொய். கல்லூரிகளின் தரத்தை மதிப்பிடும் நாக் (NAAC) குழுவுக்குக் காட்டலாம் என்று ஆசை காட்டுவார்கள். ஐ.எஸ்.பி.என். எண்ணோடு நாக் கேட்கும் நூல் வெளியீடுகள் ஆசிரியர்களுடையவை. மாணவர் ஸீனுக்கு எண் ஒட்டுவதால் உங்கள் கல்லூரிக்கு ஒன்றும் கூடாது.

ஒரே ஒரு விதிவிலக்கைக் கவனியுங்கள். உங்கள் மாணவர்கள் ஒரே பெயரில், மாதம் ஒன்று, காலாண்டுக்கு ஒன்று என்று ஒழுங்கான இடைவெளியில் கொண்டுவருகிறார்களா? அதில் பொதுச் செய்தியோ, பொதுச் செய்தி மீதான கருத்தோ வருகிறதா? இரண்டுக்கும் ‘ஆம்’ என்றால் அது பருவ இதழ் என்ற வரையறைக்குள் போகக்கூடும். 2024 மார்ச் 1 முதல் நடப்பில் இருக்கும் பத்திரிகை மற்றும் பருவ இதழ்கள் பதிவுச் சட்டப்படி தலைப்புக்கு ஒப்புதலும் பதிவும் தேவைப்படும். நினைத்தபோது ஒன்று, பரீட்சை முடிந்தபின் ஒன்று என்று வருபவை இதில் வரா. ஹாஸ்டல் சாப்பாடு, அம்மாவின் புடவைகள், 29சி பேருந்து என்று தலைப்புக்கு ஒன்றாக வந்து நிற்பவையும் வரா. மாதாமாதம் வந்தாலும் கவிதையும் கோட்டோவியமும் மட்டுமே என்றால் இரண்டாம் கேள்விக்கு ‘இல்லை’தான். கல்லூரி முதல்வர்கள் நடுங்குவது 1867ஆம் ஆண்டின் பழைய சட்டத்தை நினைத்து; அது சைக்ளோஸ்டைல் என்ற பழைய நகலெடுப்பு முறையையும் அச்சு என்றே கொண்டது. அந்தச் சட்டம் போய்விட்டது, நடுக்கம் மட்டும் சுற்றறிக்கைகளில் உட்கார்ந்திருக்கிறது.

பைண்டிங் ஏன் கூடாது? பைண்டர் மூன்று பக்கமும் கத்தரிப்பார். ஒரே ஏ4 தாளை எட்டாக மடித்து, நடுவில் கீறிச் செய்த ஸீனில் மேல் ஓரமே மடிப்பு. அதை 3 மில்லிமீட்டர் வெட்டினால் தாள் துண்டு துண்டாகிவிடும். விரித்தால் பின்புறம் தெரிய வேண்டிய போஸ்டரும் போச்சு. கையெழுத்து ஓரம்வரை போயிருந்தால் எழுத்தும் போகும்.

சென்னை ஈரக்காற்றில் முதலில் கெடுவது ஸ்டேப்ளர் பின். துருவேறி, சுற்றியுள்ள தாளையும் பொடியாக்கும். பின்னைக் கழற்றி, நடு மடிப்பில் மூன்று துளை போட்டு வெள்ளைப் பருத்தி நூலால் தையுங்கள். ஏ5 அளவுக்கு நடுவில் ஒன்று, அதிலிருந்து மேலும் கீழும் 6 சென்டிமீட்டரில் ஒவ்வொன்று. பிறகு ஒவ்வொரு ஸீனையும் அமிலமற்ற தாளுறையில் தனியாகப் போட்டு, பெட்டியில் நிறுத்தி வையுங்கள். பாரிமுனை ஆண்டர்சன் தெருக் காகிதக் கடைகளில் தாள் வாங்கும்போது ‘ஆசிட் ஃப்ரீ’ என்று கேட்டு வாங்குங்கள், வெள்ளையாக இருப்பதெல்லாம் அதுவல்ல. பளபள பி.வி.சி. கவர் வேண்டவே வேண்டாம்: ஜெராக்ஸ் மை அதில் ஒட்டிக்கொண்டு வந்துவிடும். செல்லோ டேப்பும் கூடாது.

பார்கோடு, அக்சஷன் எண், ரப்பர் ஸ்டாம்ப் எல்லாம் உறை மேல். ஸீனின் கடைசிப் பக்க மூலையில் பென்சிலால் எண் எழுதினால் போதும். இரண்டு பிரதி கிடைத்தால் ஒன்றைப் பூட்டி வையுங்கள், மற்றது படிக்க. நியூயார்க் பர்னார்ட் கல்லூரி நூலகமும் ஸீன்களை இப்படித்தான் வைத்திருக்கிறது.

நூலக அட்டவணை மென்பொருளான கோஹாவில் ஏற்றும்போது ஸீனில் என்ன பெயர் இருக்கிறதோ அதையே போடுங்கள். புனைபெயர் என்றால் புனைபெயர்தான். அட்டவணை இணையத்தில் திறந்திருந்தால் வெளியார் யார் வேண்டுமானாலும் தேடலாம். சாதியைப் பற்றியோ வீட்டைப் பற்றியோ எழுதிய பிள்ளையின் நிஜப்பெயரும் ரோல் நம்பரும் அங்கே இருக்கக் கூடாது. வாங்கும்போதே ஒரு பக்க ஒப்புதல் படிவம் வாங்கிவிடுங்கள்: நூலகத்தில் படிக்கக் கொடுக்கலாமா, ஜெராக்ஸ் எடுக்கலாமா, ஸ்கேன் செய்து இணையத்தில் போடலாமா, எந்தப் பெயரில், பின்னால் திரும்பக் கேட்டால் தர வேண்டுமா. ஒவ்வொன்றுக்கும் தனித்தனி டிக். படித்து முடித்துப் போனவர்களுடையதை, அவர்கள் பதில் வரும்வரை ஸ்கேன் செய்யாதீர்கள்.