குடும்பச் சண்டையையும் இன அநீதியையும் சேர்த்துப் பேசும் நாடகங்களில், உங்களை மிகவும் பாதித்த குறியீடு எது?

அமெரிக்கக் கறுப்பின நாடகாசிரியர் ஆகஸ்ட் வில்சன் எழுதிய 'தி பியானோ லெசன்' நாடகத்தில் வரும் பியானோ. 1990இல் புலிட்சர் பரிசு பெற்ற நாடகம் இது.

கதை 1936இல் பிட்ஸ்பர்க் நகரில் நடக்கிறது. சித்தப்பா டோக்கரின் வீட்டுக் கூடத்தில் ஒரு பழைய பியானோ. அந்த வீட்டில்தான் அக்கா பெர்னீஸ் மகளோடு இருக்கிறாள். மிசிசிப்பியிலிருந்து லாரி நிறையத் தர்பூசணியோடு வந்து இறங்கும் தம்பி பாய் வில்லி, பியானோவை விற்று நிலம் வாங்கப்போகிறேன் என்கிறான். அக்கா ஒரேயடியாக மறுக்கிறாள்.

அந்தப் பியானோ வந்த வழியைக் கேட்டால்தான் சண்டையின் ஆழம் புரியும். அடிமை முறை இருந்த காலத்தில், சட்டர் என்ற பண்ணை முதலாளி தன் மனைவிக்குத் திருமண நாள் பரிசாக அதை வாங்கினான். கையில் பணமில்லை. விலையாக இவர்களுடைய கொள்ளுப்பாட்டியையும் அவளுடைய ஒன்பது வயது மகனையும் கொடுத்தான். கொஞ்ச நாளில் முதலாளியின் மனைவிக்கு அந்த இருவரும் இல்லாமல் இருக்க முடியவில்லை. அவர்களுடைய முகத்தைப் பியானோவில் செதுக்கித் தரும்படி, தச்சு வேலை தெரிந்த கொள்ளுத்தாத்தாவுக்கு உத்தரவு வந்தது. மனைவியையும் மகனையும் பறிகொடுத்தவனிடமே கேட்கிறார்கள்! அவர் அதோடு நிறுத்தவில்லை. தன் தாய் தந்தை, திருமணம், பிறப்பு, சாவு என்று குடும்பக் கதை முழுவதையும் அந்த மரத்தில் செதுக்கிவிட்டார்.

1911, ஜூலை 4. வெள்ளையர்கள் சுதந்திர தினம் கொண்டாடப் போயிருந்த நேரத்தில், பெர்னீஸின் அப்பா தம்பிகளோடு சேர்ந்து சட்டர் வீட்டிலிருந்து பியானோவைத் தூக்கி வந்துவிட்டார். நம் கதை அவன் வீட்டில் இருக்கும்வரை நாம் அவனுக்கு அடிமைதான் என்பது அவர் எண்ணம். அதற்காக ரயில் பெட்டிக்குள் வைத்து அவரை எரித்துக் கொன்றார்கள். அதன்பின் அம்மா பதினேழு வருடம் கையில் ரத்தம் வரும்வரை அதைத் துடைத்துத் துடைத்து வைத்தாள்.

பியானோ என்றால் பழமை, நிலம் என்றால் எதிர்காலம் என்று பிரித்து, அக்கா பக்கம் நியாயம், தம்பிக்குப் பணத்தாசை என்று முடித்துவிடுவோர் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. தம்பி வாங்கத் துடிப்பது தன் முன்னோர் அடிமைகளாக உழைத்த அதே சட்டர் நிலத்தை. அப்பாவுக்கு இப்படி ஒரு வழி இருந்திருந்தால் அவரும் விற்றிருப்பார் என்கிறான். அதில் தவறென்ன? அக்காவோ பியானோவை விற்கவும் மாட்டாள், வாசிக்கவும் மாட்டாள். செதுக்கியிருக்கும் முகங்கள் யாருடையவை என்று மகளுக்குச் சொல்லவும் மாட்டாள். வலியைப் பூட்டி வைப்பதும் ஒரு வகை இழப்புதான் என்று வில்சன் அவளிடமும் கடுமையாகவே நடந்துகொள்கிறார்.

மேடையில் இது எப்படி வேலை செய்கிறது என்பதுதான் எனக்கு மிகவும் பிடித்தது. தம்பியும் நண்பனும் பியானோவை நகர்த்த முயல்கிறார்கள். பியானோவை வாங்கிய முதலாளியின் பேரன், செத்துப்போன சட்டரின் ஆவி குரல் கொடுக்கிறது. அதாவது, வீட்டில் கறுப்பினக் குடும்பம் தங்களுக்குள் அடித்துக்கொள்ளும்போது, அந்தச் சண்டையைத் தொடங்கிவைத்த குடும்பத்தின் வாரிசும் மாடிப்படியில் நிற்கிறான். ஆவி வேண்டாத சரக்கு என்று சிலர் சொல்வதை என்னால் ஏற்க முடியாததற்குக் காரணம் இதுதான். ஆவி இல்லையென்றால் இது வெறும் சொத்துத் தகராறாகச் சுருங்கிப்போகும்.

கடைசியில் தம்பி ஆவியோடு கட்டிப் புரள்கிறான். பெர்னீஸ் பல வருடங்களுக்குப் பிறகு பியானோ முன் உட்கார்ந்து, முன்னோரை ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி அழைத்துப் பாடுகிறாள். ஆவி போய்விடுகிறது. தம்பி பியானோவைக் கேட்காமலே ஊருக்குக் கிளம்புகிறான், அக்காவும் மகளும் தொடர்ந்து வாசிக்காவிட்டால் தானும் சட்டரும் திரும்பி வந்துவிடுவோம் என்று எச்சரித்துவிட்டு. நிலம் மட்டும் கிடைக்கவில்லை. விடுதலையான கறுப்பின மக்களுக்கு 1865இல் ஒதுக்கிய நிலங்களைக் குடியரசுத் தலைவர் ஆண்ட்ரூ ஜான்சன் அதே ஆண்டிலேயே பழைய முதலாளிகளுக்குத் திருப்பிக் கொடுக்கச் செய்தார். அந்தக் கணக்கு தீராமல் இருக்கும்போது, பாய் வில்லிக்கு மட்டும் ஒரு சுபமான முடிவை வில்சன் எப்படித் தர முடியும்?