தடுப்பூசித் தீர்ப்பு இருக்கட்டும், ராஜினாமா கடிதத்தில் என்ன எழுதினீர்கள்?

கேள்வி: ஓசூரில் ஒரு தனியார் தொழிற்சாலையில் ஆறு வருடம் மெஷின் ஆபரேட்டராக இருந்தேன். கோவிட் தடுப்பூசி போடவில்லை என்று கேன்டீனில் தனியாக உட்கார வைத்தார்கள், நண்பர்களே ஒதுக்கினார்கள். எச்.ஆர். நெருக்கடி தாங்காமல் 2022 ஜனவரியில் எழுதிக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன். மே மாதம் உச்ச நீதிமன்றமே கட்டாயப்படுத்தக் கூடாது என்று சொல்லிவிட்டதே, வேலையும் சம்பளப் பாக்கியும் கிடைக்குமா? மார்ச் முதல் வேறு கம்பெனியில் இருக்கிறேன். பணிக்கொடையும் (கிராஜுவிட்டி) தரவில்லை.

பதில்: கேன்டீனில் நடந்தது தப்புதான், ஆனால் அதை வைத்து வழக்கு நிற்காது. நீங்கள் நீக்கப்பட்டீர்களா, விலகினீர்களா என்பது மட்டும்தான் இங்கே கேள்வி. நீங்கள் அனுப்பிய நகலில் "சொந்தக் காரணங்களால் விலகுகிறேன்" என்று இருக்கிறது. ஊசி பற்றி ஒரு வரிகூட இல்லை.

நீங்கள் சொல்வது ஜேக்கப் புலியேல் வழக்கில் 2022 மே 2 அன்று வந்த தீர்ப்பு, அதை முழுசாகப் படியுங்கள். யாரையும் வற்புறுத்தி ஊசி போட முடியாது, அது அரசியலமைப்பின் 21வது பிரிவு தரும் உரிமை என்பது சரி. அதே தீர்ப்பு, பொது நலனுக்காக அரசு நியாயமான அளவில் கட்டுப்பாடு விதிக்கலாம் என்றும் சொல்கிறது. தனியார் நிறுவனங்களுக்குச் சொன்னது, தொற்று குறைந்திருக்கும்போது கட்டுப்பாடுகளை மறுபரிசீலனை செய்யுங்கள் என்ற யோசனை மட்டும்தான். போன வேலையைத் திருப்பிக் கொடு என்று எங்கேயும் இல்லை.

என் கட்சிக்காரர்கள் விழுவது இந்த இடத்தில்தான். தீர்ப்பை பிரிண்ட் எடுத்துக்கொண்டு தெம்பாக வருவார்கள், குறுக்கு விசாரணையில் எதிர்த்தரப்பு வக்கீல் அந்த ஒற்றை ராஜினாமா தாளை நீட்டி "இது உங்கள் கையெழுத்துதானே?" என்று கேட்டதும் பேச்சு நின்றுவிடும். மிரட்டி வாங்கினார்கள் என்றால் அதை நிரூபிக்க வேண்டியது நீங்கள். "சர்டிபிகேட் இல்லையென்றால் எழுதிக் கொடு" என்கிற மாதிரி எச்.ஆர். அனுப்பிய வாட்ஸ்அப்போ மெயிலோ இருக்கிறதா? விலகிய அந்த வாரத்திலேயே எதிர்ப்புத் தெரிவித்து ஒரு கடிதமாவது போட்டீர்களா? இரண்டும் இல்லாமல் மாதக்கணக்கில் சும்மா இருந்துவிட்டு, தீர்ப்பு வந்த பிறகு கட்டாயம் என்றால் லேபர் கோர்ட் நம்புவது கஷ்டம். ஜெயித்தாலும் மார்ச் முதல் வேறு சம்பளம் வாங்குவதால் பாக்கி பெரிதாகத் தேறாது. அப்போதைய தொழில் தகராறு சட்டத்தின் 2ஏ பிரிவில், வழக்குப் போட மூன்று வருட அவகாசம் இருந்தது நிஜம்தான், அதற்காக வழக்கு பலமாகிவிடாது.

எழுத்தில் ஆதாரம் இல்லையென்றால் பேசி முடியுங்கள். பணிக்கொடை உங்களுக்குச் சேர வேண்டிய பணம், ஐந்து வருடம் முடிந்துவிட்டதால் ராஜினாமா செய்தாலும் தந்தாக வேண்டும். கடைசி அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்ந்து 18,000 என்றால் சுமார் 62,300 ரூபாய் வரும், தாமதத்துக்கு வட்டி தனி. அதை இன்றே எழுத்தில் கேளுங்கள், தராவிட்டால் தொழிலாளர் துறையில் பணிக்கொடை அதிகாரியிடம் மனு போடுங்கள். அந்தப் பேச்சோடு விடுப்புச் சம்பளத்தையும், நோட்டீஸ் காலத்துக்குப் பிடித்தது இருந்தால் அதையும், கறை இல்லாத அனுபவச் சான்றிதழையும் சேர்த்து வாங்கிவிடுங்கள். அப்புறம், "இனி எந்தக் கோரிக்கையும் இல்லை" என்ற தாளை நீட்டினால் பணம் வங்கியில் ஏறும்வரை கையெழுத்துப் போடாதீர்கள்.