மார்ச் மாச ஆன் ஆர்பர்: கைக்காசு கரையாம எங்கே போகலாம்?

மிச்சிகன் பல்கலைக்கழகத்துல சூழலியல்ல பிஎச்.டி. பண்றேன். பல்கலைக்கழகம் இருக்குற இந்த அமெரிக்க ஊர், ஆன் ஆர்பர்ல, இது எனக்கு ஆறாவது வசந்தம். வந்த முதல் வருஷம், குளிர் போகட்டும் அப்புறம் வெளியே போகலாம்னு மார்ச் முழுக்க அறைக்குள்ளேயே கிடந்தேன். குளிர் போறதுக்குள்ள செமஸ்டரே முடிஞ்சு போச்சு. இங்கே படிக்க வந்திருக்குற நீங்க அப்படி இருந்துடக் கூடாதுன்னுதான் கேள்விகளை அனுப்பச் சொன்னேன். ஒரே மாதிரி வந்ததையெல்லாம் சேர்த்துப் பதில் எழுதியிருக்கேன்.

மெக்கானிக்கல் எம்.எஸ்., முதல் வருஷம்: அக்கா, வசந்தம் வந்தாச்சுன்னு காலண்டர் சொல்லுது. ஜன்னலுக்கு வெளியே பனி கொட்டுது. உண்மையில எப்போதான் வெளியே போக முடியும்?

இப்பவே போகலாம் தம்பி. மார்ச்ல பகல் வெப்பம் சராசரியா 8 டிகிரி செல்சியஸ், ராத்திரி பூஜ்யத்துக்குக் கீழே மூணு. ஏப்ரல்லயும் பனி விழும், அதைப் பார்த்து மனசு விடாதீங்க. இங்கே வசந்தம் முதல்ல வெளிச்சமாத்தான் வரும். மார்ச் இரண்டாவது ஞாயிறு கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளுவாங்க. அன்னிலேர்ந்து பொழுது சாய ஏழரை ஆகும். ஆறு மணிக்கு லேபை விட்டுக் கிளம்பினாலும் ஒன்றரை மணி நேர வெளிச்சம் உங்களுக்கு மிச்சம்.

பனி உருகினா எங்கே பார்த்தாலும் சேறு. தண்ணி புகாத பூட்ஸ் ஒண்ணு மட்டும் அவசியம். புதுசு வாங்காதீங்க, கிவானிஸ்ங்கிற சேவைச் சங்கம் நடத்துற பழைய பொருள் விற்பனையில போய்த் தேடுங்க. என்னோடது அஞ்சு வருஷமா உழைக்குது, அங்கே வாங்கினதுதான்.

வடக்கு வளாகத்துல இருக்கேன். கார் கிடையாது. மாசம் 20 டாலருக்கு மேல செலவு பண்ண முடியாது. என்ன பண்ணலாம்?

20 டாலரைப் பையிலேயே வைங்க. உங்க எம்கார்டை, அதாவது பல்கலைக்கழக அடையாள அட்டையைக் காட்டினா நகரப் பேருந்து முழுக்க இலவசம், வளாகத்து நீலப் பேருந்துக்கு எப்பவுமே காசு கிடையாது. கலை அருங்காட்சியகம், கெல்சி தொல்லியல் அருங்காட்சியகம், இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் மூணுக்கும் நுழைவுக் கட்டணமே இல்லை. ஆன் ஆர்பர் பொது நூலகத்துல வீட்டு முகவரிக்கு ஆதாரம் காட்டி அட்டை வாங்கிக்குங்க. புத்தகம் மட்டுமில்லை, தொலைநோக்கி, இசைக்கருவியெல்லாம்கூட வீட்டுக்கு எடுத்துட்டுப் போகலாம்.

ஆனா நான் முதல்ல அனுப்புற இடம் ஆர்ப், அதாவது நிக்கல்ஸ் ஆர்பரீட்டம்ங்கிற பல்கலைக்கழக மரத்தோட்டம். 1907-லேர்ந்து இருக்கு, 123 ஏக்கர். மருத்துவமனைக்குப் பின்பக்கமா இறங்கினா ஹூரான் ஆறு வரைக்கும் போகும். மே கடைசியில பியோனி பூக்குறப்போ ஊரே அங்கே திரளும். எனக்கு ஏப்ரல் ஆர்ப்தான் பிடிக்கும். ஏன்னு சொல்றேன். மரங்கள் இலை விட்டுட்டா கீழே தரைக்கு வெயில் கிடைக்காது. அதனால சின்னச் செடிகள் முந்திக்கும். இலை மூடுறதுக்குள்ள கிடைக்குற சில வார வெயில்ல அவசரமா பூத்துடும், சிலது விதை போட்டு மறுபடி மண்ணுக்குள்ளயே போயிடும். ஹெபாட்டிகா, பிளட்ரூட், ட்ரவுட் லில்லி, அப்புறம் ஏப்ரல் கடைசியில ட்ரில்லியம். பிளட்ரூட் பூ ஒண்ணு ரெண்டு நாள்லயே உதிர்ந்துடும். போன வாரம் போனேன், ஒண்ணும் இல்லைன்னு சொல்றவங்ககிட்ட இந்த வாரமும் போங்கன்னுதான் சொல்லுவேன். நகரத்தோட மேற்குப் பக்கம் இருக்குற பேர்ட் ஹில்ஸ் காட்டுலயும் இதையெல்லாம் பார்க்கலாம்.

இதுக்கெல்லாம் முன்னாடி வர்றது ஸ்கங்க் கேபேஜ். ஆத்தோரச் சதுப்புல, பனிக்கு நடுவுல, கருஞ்சிவப்பா கூம்பு மாதிரி தலை நீட்டும். இந்தப் பூ தானே சூடு உண்டாக்கிக்கும். சுத்தியிருக்குற காத்தைவிட 15 டிகிரிக்கும் மேல. அந்தச் சூட்டுல பனி வட்டமா உருகி வழி விடும். இலையைக் கசக்கினா நாத்தம் குடலைப் பிடுங்கும். இருந்தாலும் மார்ச் மாசம் அதை முதல்ல பார்த்தப்போ மண்டியிட்டு உட்கார்ந்துட்டேன்.

பூவைப் பறிக்காதீங்க. பாதையை விட்டு இறங்காதீங்க. 4, 5 டிகிரிக்கு மேல போனா உண்ணி நடமாட ஆரம்பிக்கும், வீட்டுக்கு வந்ததும் முழங்கால் பின்பக்கம், இடுப்பு எல்லாம் தடவிப் பாருங்க.

போன வருஷம் ஆர்ப்ல ஒரு பக்கம் புகைஞ்சுட்டு இருந்துச்சு. காட்டுத்தீயா? பயந்து திரும்பிட்டேன்.

பயப்பட வேண்டாம், அது வேணும்னே வைக்குற தீ. இந்தப் பக்கத்துப் புல்வெளியும் கருவாலித் தோப்பும் நெருப்போடவே வளர்ந்தது. இங்கே வாழ்ந்த பூர்வகுடி மக்கள் காலங்காலமா அப்படித்தான் எரிச்சாங்க. எரிச்சா அந்நியப் புதர்கள் குறையும், கரிஞ்ச கறுப்பு மண் சீக்கிரம் சூடாகும், மண்ணுக்குள்ள ஆழமா வேர் விட்ட நாட்டுப் புல் திரும்பத் துளிர்க்கும். பயிற்சி பெற்ற ஆட்கள் மஞ்சள் உடுப்புல நின்னு, காத்தோட திசை பார்த்துத்தான் பண்ணுவாங்க. தூரத்துல நின்னு பாருங்க. மூணு வாரம் கழிச்சு அதே இடத்துக்குப் போய்ப் பாருங்க.

நகராட்சியோட இயற்கைப் பகுதிப் பாதுகாப்புப் பிரிவு வசந்தத்துல தவளைக் கணக்கெடுப்புக்குத் தன்னார்வலர்களைச் சேர்க்கும். சாயங்காலம் குளத்தோரம் நின்னு, எந்தத் தவளை கத்துதுன்னு காதால கேட்டுக் குறிச்சுக்கணும், அவ்வளவுதான். நம்ம ஊர் மழைக்காலத் தவளைச் சத்தம் கேட்டு வளர்ந்தவங்களுக்கு இது சுலபம். கட்டைவிரல் நகம் அளவே இருக்குற ஸ்பிரிங் பீப்பர் நூத்துக்கணக்குல ஒண்ணா கத்துனா காது அடைச்சுப் போகும்.

குவால்ஸ், அதான் பிஎச்.டி. தகுதித் தேர்வுக்குப் படிக்கிறேன் அக்கா. ஒரு நாளைக்கு அரை மணி நேரம்தான் முடியும்.

அப்போ மதியம் 12 மணிக்கு வளாகத்து மணிக்கூண்டு, பர்ட்டன் கோபுரத்துக்கு வாங்க. 1936-ல கட்டினது. 53 மணிகள் இருக்கு, பெரியது 12 டன். செமஸ்டர் நடக்குறப்போ வார நாட்கள்ல அரை மணி நேரம் ஒருத்தர் மேலே உட்கார்ந்து வாசிப்பார். வாசிக்கும்போது மேலே ஏறியும் பார்க்கலாம். மணி ஒலி காதுல விழுறது ஒரு அனுபவம், காலடித் தரை வழியா உடம்புக்குள்ள ஏறுறது வேற. ஒரு வாரம் போயிட்டு எனக்கு எழுதுங்க. தேர்வுக்குப் படிக்குற அரை மணி நேரம் குறைஞ்சதா நினைக்க மாட்டீங்க.

வணக்கம் சகோதரி. மனைவியும் 3 வயசுப் பொண்ணும் கூட இருக்காங்க. மனைவிக்கு இங்கே வேலை பார்க்க அனுமதி இல்லை, வீட்டிலேயே அடைஞ்சு கிடக்காங்க.

முதல்ல அவங்களுக்கு. டிக்ஸ்பரோ சாலையில இருக்குற மத்தாய் தாவரவியல் தோட்டத்துக்குக் கூட்டிட்டுப் போங்க. நுழைவு இலவசம், வண்டி நிறுத்தத்தான் காசு. கண்ணாடி மாளிகையில வெப்பமண்டலப் பகுதிக் கதவைத் திறந்ததும் ஈரக்காத்து முகத்துல அடிக்கும், மூக்குக்கண்ணாடி மூடிக்கும். வாழை மரம் நிக்கும். மார்ச் மாசம் அந்த வாசனையில நான் அழுதிருக்கேன், வெட்கமில்லாமச் சொல்றேன். அங்கே 80 வருஷம் வளர்ந்த கற்றாழை வகை அகேவ் ஒண்ணு 2014-ல முதல் தடவையா பூத்துது. கூரைக்கு மேல போனதால கண்ணாடியைக் கழட்டி வழி விட்டாங்க. பூத்து முடிச்சதும் அது செத்துப் போச்சு, அந்த இனத்தோட இயல்பு அது.

பாப்பாவுக்கு இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்துல யானை மாதிரி இருந்து அழிஞ்சு போன மாஸ்டடானோட ஜோடி எலும்புக்கூடு. வண்டி இருக்குற நண்பர் கிடைச்சா கென்சிங்டன் மெட்ரோபார்க். ஒரு வண்டிக்குத்தான் கட்டணம், அஞ்சு பேராப் போனா பங்கு போட்டுக்கலாம். அசையாம நின்னா சிக்கடீன்னு ஒரு குருவி பக்கத்துலயே வந்து உட்காரும். மனைவியும் நின்னு பார்க்கட்டும், பாப்பா மட்டும் இல்லை. நாலடி வரைக்கும் உயரமான செந்தலைக் கொக்கு, சாண்ட்ஹில் கிரேன், மார்ச் தொடக்கத்துலயே திரும்பி வந்துடும், அதையும் அங்கே பார்க்கலாம்.

மார்ச்ல மேப்பிள் பாகு காய்ச்சுறதைக் காட்டுற இடங்களும் உண்டு. ராத்திரி உறையணும், பகல்ல உருகணும், அப்போதான் மரத்துல சாறு ஓடும். 40 லிட்டர் சாறு சுண்டினா 1 லிட்டர் பாகு. பனங்கருப்பட்டி காய்ச்சுறதைப் பார்த்தவங்களுக்கு அந்த அடுப்படி ஆவி பழகினதாத்தான் இருக்கும்.

ஆறு பக்கத்துலயே இருக்கு. மார்ச்ல படகு ஓட்டலாமா?

வேண்டாம். வெயில் அடிச்சாலும் தண்ணி பனி உருகின தண்ணி. கவிழ்ந்தா முதல் நிமிஷத்துலயே மூச்சு திணறும், நீச்சல் தெரிஞ்சாலும் கை கால் விறைச்சுப் போகும். ஆர்கோ, கேலப் படகுத்துறைகள் திறக்குற வரைக்கும் காத்திருங்க. அதுவரை கரையோரப் பாதையில சைக்கிள் ஓட்டுங்க, பக்கத்து ஊர் இப்சிலாண்டி வரைக்கும் போகும்.

சினிமா, கச்சேரி ஏதாவது?

ஆன் ஆர்பர் திரைப்பட விழா, மார்ச் கடைசியில. 1963-லேர்ந்து நடக்குது, சோதனைப் படங்கள்தான் முழுக்க. கதை இருக்கும்னு எதிர்பார்த்துப் போகாதீங்க, மாணவர் விலையில ஒரு காட்சி மட்டும் பாருங்க. கச்சேரிக்கு இசைப்பள்ளி மாணவர்களோட நிகழ்ச்சிப் பட்டியலைப் பாருங்க. பெரும்பாலும் இலவசம். ஏப்ரல்ல தேர்வுக் கச்சேரிகள் வரிசையா வரும், 20 பேர்கூட இல்லாத அரங்கத்துல அவங்க உயிரைக் கொடுத்து வாசிப்பாங்க. போய் உட்காருங்க.

மாசக் கடைசியில சாப்பாட்டுக்கே இழுபறி. இதைக் கேட்கவே கூச்சமா இருக்கு.

கேட்டது நல்லது. மெய்ஸ் அண்ட் ப்ளூ கப்போர்டுன்னு வளாகத்துலயே உணவு வங்கி இருக்கு. மாணவர் அட்டை போதும், அரிசி, பருப்பு, காய்கறி கிடைக்கும். உங்களுக்காகத்தான் அதை நடத்துறாங்க. நான் ரெண்டாவது வருஷம் போயிருக்கேன். வயித்தைக் காயப் போட்டுட்டு யாரும் ஆர்ப்ல நடக்க வேண்டாம்.

ஏப்ரல் 14 புத்தாண்டுக்கு என்ன பண்றது? அன்னிக்கு ப்ராஜெக்ட் சமர்ப்பிக்கணும்.

எல்லா வருஷமும் அப்படித்தான் வரும். முந்தின வாரமே இந்திய மளிகைக் கடையில மாங்காயும் காய்ஞ்ச வேப்பம்பூவும் வாங்கி வைங்க. பச்சடி கால் மணி நேர வேலை. ஆளுக்கு ஒண்ணு சமைச்சு எடுத்துட்டு ஆத்தோரம் கேலப் பூங்காவுல உட்கார்ந்து சாப்பிடுங்க, ப்ராஜெக்ட் சமர்ப்பிச்சதுக்கு அப்புறம். எட்டு மணிக்கு மேலதான் இருட்டும்.

தனியா போக ஒரு மாதிரி இருக்கு அக்கா. இங்கே எனக்கு யாரையும் தெரியாது.

ஏப்ரல் முழுக்க சனிக்கிழமை நாலு மணிக்கு ஆர்ப்போட வாஷிங்டன் ஹைட்ஸ் வாசல்ல நான் நிப்பேன். மழைன்னாலும் வருவேன். பழுப்புத் தொப்பி, கையில டீ ஃப்ளாஸ்க். நீங்க வந்து பேசணும்னு இல்லை, கூட நடந்தா போதும். பூட்ஸ் போட்டுட்டு வாங்க.