சென்னைக்கு வருகிறீர்களா? உங்கள் கேள்விகளுக்குப் பதில்கள்

மதுரையிலிருந்து அப்பா அம்மாவோடு இரவு ரயிலில் வருகிறோம். தங்குவது வேளச்சேரியில். எழும்பூரில் இறங்கி ஆட்டோ பிடிக்கலாமா?

எழும்பூர் வரை போகவே வேண்டாம். தாம்பரத்தில் இறங்குங்கள். அங்கிருந்து வேளச்சேரிக்கு நேராக டவுன் பஸ் இருக்கிறது. எழும்பூரில் இறங்கினால் வந்த வழியிலேயே பாதி நகரம் திரும்பி வர வேண்டும், அதுவும் காலை நெரிசலில். தென்மாவட்ட ரயில்கள் பெரும்பாலும் தாம்பரத்தில் நின்றுதான் போகும். ஆனால் நிற்பது சில நிமிடங்கள்தான். செங்கல்பட்டு தாண்டியதுமே பெரியவர்களை எழுப்பி, பெட்டிகளைக் கதவருகே கொண்டு வந்துவிடுங்கள். டிக்கெட் எழும்பூர் வரை இருந்தாலும் தாம்பரத்தில் இறங்கத் தடையில்லை.

சென்னையில் பாதிச் செலவும் பாதிச் சோர்வும் தவறான இடத்தில் இறங்குவதால் வருபவை. ஓட்டலில் அறை போடும் முன் எங்கே இறங்குவது என்று பாருங்கள்.

திருச்சியிலிருந்து பஸ். காலை 4 மணிக்குக் கிளாம்பாக்கம் வந்துவிடுமாம். 6 மணிக்கு சென்ட்ரலில் ரயில். முடியுமா?

இதை நம்பி டிக்கெட் எடுக்காதீர்கள். கிளாம்பாக்கத்திலிருந்து சென்ட்ரல் 30 கிலோமீட்டருக்கு மேல். பஸ் அரை மணி தாமதமானாலே ரயில் போய்விடும். மெட்ரோ அங்கே வரவில்லை, விமான நிலையத்தோடு நிற்கிறது. முதல் மெட்ரோ ஓடுவதும் 5 மணி வாக்கில்தான். பஸ் வரும் நேரத்துக்கும் ரயில் புறப்படும் நேரத்துக்கும் நடுவே குறைந்தது மூன்று மணி நேரம் வையுங்கள்.

இறங்கியதும் டவுன் பஸ் நிற்கும் பக்கம் போய் கிண்டி பஸ் பிடித்து, அங்கே மெட்ரோ ஏறினால் சென்ட்ரலுக்கு நேராகப் போகலாம். மின்சார ரயிலில் போவதானால் ஒன்றை நினைவில் வையுங்கள்: தாம்பரம் பக்கத்து மின்சார ரயில் சென்ட்ரலுக்குள் போகாது. 'பார்க்' நிலையத்தில் இறங்கி, சுரங்கப்பாதையில் சாலையைக் கடந்தால் எதிரே சென்ட்ரல். வெளியூர்க்காரர்கள் சென்ட்ரல் என்ற பெயரையே தேடிக்கொண்டு கடற்கரை நிலையம் வரை போய்விடுகிறார்கள்.

விமானத்தில் வந்து மாம்பலம் போக வேண்டும். டாக்ஸி தவிர வேறு வழி?

விமான நிலையத்துக்கு எதிரிலேயே திரிசூலம் ரயில் நிலையம். மாம்பலத்துக்கு நேர் வண்டி, கட்டணமும் மிகக் குறைவு. பெட்டி ஒன்றிரண்டு என்றால் இதைவிட நல்ல வழி இல்லை. எழும்பூர் போகிறவர்கள் மெட்ரோவில் ஆலந்தூரில் பச்சை வழித்தடத்துக்கு மாற வேண்டும். சென்ட்ரலுக்கு மாறாமலே போகலாம்.

ஆப் டாக்ஸி போட்டால் வாசலில் நின்று தேடாதீர்கள். அது பல அடுக்கு வாகன நிறுத்தத்தில்தான் ஏற்றும்.

மின்சார ரயிலில் அபராதம் போட்டுவிட்டார்கள் என்று நிறையப் பேர் சொல்கிறார்களே, எதற்கு?

பெரும்பாலும் முதல் வகுப்புப் பெட்டியில் ஏறுவதால். இரண்டாம் வகுப்புப் பெட்டிபோலவேதான் தெரியும். கூட்டம் குறைவாக இருக்கிறதே என்று ஏறிவிடுவார்கள். பெட்டியின் வெளியே எழுதியிருப்பதைப் பார்த்து ஏறுங்கள். ஏ.சி. மின்சார ரயிலும் 2025 ஏப்ரலிலிருந்து ஓடுகிறது. அதற்குத் தனி டிக்கெட், சாதாரண டிக்கெட் செல்லாது. பெண்கள் பெட்டியில் ஆண்கள் ஏறினாலும் அபராதம்தான், குடும்பத்தோடு வந்தோம் என்றாலும் கேட்கமாட்டார்கள்.

ஆட்டோவில் மீட்டர் போடுவார்களா?

அரசு 2013-இல் நிர்ணயித்த கட்டணம் முதல் 1.8 கிலோமீட்டருக்கு 25 ரூபாய், பிறகு கிலோமீட்டருக்கு 12. அந்தக் கட்டணத்துக்குத் தெருவில் வண்டி வராது. இரண்டு ஆப்களில் அந்தத் தூரத்துக்கு என்ன காட்டுகிறது என்று பார்த்துவிட்டு, அதை மனதில் வைத்துப் பேசுங்கள். ஆப்பில் போட்டால் வண்டியில் உட்கார்ந்த பிறகு ஓ.டி.பி. சொல்லுங்கள். சாலையின் எந்தப் பக்கம் நிற்கிறீர்கள் என்பதையும் சரியாகக் குறியுங்கள். அண்ணா சாலையில் எதிர்ப்பக்கம் நின்றால், வண்டி யூ-டர்ன் போட்டு வர வெகுநேரம் ஆகும்.

டவுன் பஸ்ஸில் எங்களுக்கு டிக்கெட் உண்டா அக்கா? நாங்கள் மூன்று பெண்கள், தூத்துக்குடி.

சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை; முகப்பு இளஞ்சிவப்பாக இருக்கும். டீலக்ஸுக்கும் ஏ.சி.க்கும் இது பொருந்தாது. இலவசம் என்றாலும் நடத்துநரிடம் சீட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

இரண்டு வயதுக் குழந்தையோடு தி.நகரில் துணி எடுக்க வேண்டும்.

வேலை நாளில் கடை திறந்ததும் போங்கள். ஞாயிறு மாலை ரங்கநாதன் தெருவில் தள்ளுவண்டியை உருட்ட முடியாது. மாம்பலம் ஸ்டேஷனிலிருந்து பஸ் நிலையத்துக்கு ஆகாய நடைமேம்பாலம் இருக்கிறது. தெருவுக்குள் இறங்காமலே போகலாம்.

மூன்று நாளில் அருங்காட்சியகம், வண்டலூர், மாமல்லபுரம். எதை எந்த நாளில்?

எழும்பூர் அரசு அருங்காட்சியகம் வெள்ளி விடுமுறை. வண்டலூர் உயிரியல் பூங்கா செவ்வாய் விடுமுறை. மாமல்லபுரத்தில் கடற்கரைக் கோயிலுக்கும் ஐந்து ரதங்களுக்கும் ஒரே டிக்கெட், அன்றைக்கு மட்டும் செல்லும். அதைக் கிழித்துப் போட்டுவிடாதீர்கள். வெயில் ஏறுமுன் ரதங்களை முடித்துவிடுங்கள். அங்கே நிழல் குறைவு.

மெரினாவுக்கும் போவீர்கள். கால் நனைக்கலாம், குளிக்க இறங்காதீர்கள். அலை இழுக்கும் கடல் அது, நீச்சல் தெரிந்தவர்களையும் இழுத்துக்கொண்டு போயிருக்கிறது. பிள்ளைகளின் கையை விடாதீர்கள்.