அமெரிக்கக் கல்லூரிகளில் கோச் வேலை ஏணிப்படியா, கடைசிவரை தங்கும் இடமா?

கேள்வி கேட்டவர் அமெரிக்கக் கல்லூரி விளையாட்டை இப்போதுதான் பார்க்கத் தொடங்கியிருக்கிறார் போலிருக்கிறது. நன்றாக ஜெயித்துக்கொண்டிருக்கிற கோச் திடீரென்று அணியை விட்டுவிட்டு வேறு கல்லூரிக்குப் போய்விடுகிறாரே, இந்த வேலையே அடுத்த வேலைக்கான படிதானா என்று கேட்கிறார்.

நான் வாஷிங்டன் மாநிலத்தின் கிழக்குக் கோடியில் பல வருடம் இருந்தவன். முதலில் புல்மனில் படிப்பு, அப்புறம் ஸ்போகனில் வேலை. இந்தக் கேள்விக்கு அதைவிட நல்ல ஊர் கிடையாது. நூற்றுச் சொச்சம் கிலோமீட்டருக்குள் மூன்று கல்லூரிக் கூடைப்பந்து அணிகள், மூன்றும் மூன்று விதம்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இங்கே கல்லூரி கோச் என்றால் விசிலோடு மைதானத்தில் நிற்கும் நம் பி.டி. வாத்தியார் இல்லை. பல மாநிலங்களில் அரசுச் சம்பளம் வாங்குவோரில் மிக அதிகம் வாங்குபவர் அரசுப் பல்கலைக்கழகத்தின் அமெரிக்கக் கால்பந்து கோச்சோ கூடைப்பந்து கோச்சோதான். ஆளுநரெல்லாம் பக்கத்தில் வர முடியாது. ஒப்பந்தம் முடியும் முன்னால் கோச் போனால் பழைய கல்லூரிக்கு ஒரு தொகை கட்ட வேண்டும். பெரும்பாலும் கூப்பிடுகிற கல்லூரியே அதைக் கட்டிவிடும். ஆக, கதவு பூட்டியிருப்பது போலத் தெரியும், சாவியும் பக்கத்திலேயே தொங்கும்.

2024 மார்ச்சில் நடந்ததைப் பாருங்கள். புல்மனிலுள்ள வாஷிங்டன் ஸ்டேட் 2008-க்குப் பிறகு முதல் முறையாக, கல்லூரி அணிகளுக்கான தேசியப் போட்டியான என்.சி.ஏ.ஏ. போட்டிக்குள் நுழைந்து ஓர் ஆட்டம் ஜெயித்தும் விட்டது. கொண்டாடி முடிப்பதற்குள் கோச் கைல் ஸ்மித் ஸ்டான்ஃபோர்டுக்குப் போய்விட்டார். அவரைக் குறை சொல்ல முடியாது. வாஷிங்டன் ஸ்டேட் இருந்த பாக்-12 கூட்டமைப்பிலிருந்து (கூட்டமைப்பு என்றால் தங்களுக்குள் ஆடிக்கொள்ளும் கல்லூரிகளின் குழு) பத்துக் கல்லூரிகள் கிளம்பி, வாஷிங்டன் ஸ்டேட்டும் ஒரிகன் ஸ்டேட்டும் மட்டும் ஆளில்லாத வீட்டில் மிஞ்சியிருந்த நேரம் அது.

அந்தக் காலியிடத்துக்கு ஈஸ்டர்ன் வாஷிங்டன் பல்கலைக்கழகத்திலிருந்து டேவிட் ரைலி வந்தார். கூடவே அங்கிருந்த முக்கிய ஆட்டக்காரர்கள் சிலரும் வந்துவிட்டார்கள். ஈஸ்டர்ன் வாஷிங்டன் இருப்பது ஸ்போகனுக்கு அருகே ஒரு சின்ன ஊரில். ஊரின் பெயர் சீனி. (முதல் தடவை கேட்டபோது என் மனைவி, "காபிக்குப் போடுற சீனியா?" என்றாள். இன்றைக்கும் எங்கள் வீட்டில் அது சர்க்கரை ஊர்தான்.) ரைலிக்கு முன் அங்கே கோச்சாக இருந்தவர் 2021-இல் போர்ட்லண்ட் பல்கலைக்கழகத்துக்குப் போனார். அவருக்கும் முந்தையவர் 2017-இல் சியாட்டில் பல்கலைக்கழகத்துக்கு. வரிசையாக மூன்று பேர். இதைப் பார்த்தால் ஏணிப்படி என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடலாம்.

ஆனால் காலியான அந்த சீனி நாற்காலிக்கு யார் வந்தார் தெரியுமா? டான் மான்சன். அவர் கதையைச் சொல்ல 1999-க்குப் போக வேண்டும்.

ஸ்போகனில் கொன்ஸாகா என்று ஒரு கல்லூரி. நம் லயோலா மாதிரி சேசு சபையினர் நடத்துவது. அதற்கு முன் ஒரே ஒரு தடவைதான், 1995-இல், என்.சி.ஏ.ஏ. போட்டிக்குள் போயிருந்தது. 1999-இல் மான்சன் கோச்சாக இருந்தபோது மின்னசோட்டா, ஸ்டான்ஃபோர்டு, ஃபுளோரிடா என்று வரிசையாக வீழ்த்திக் கடைசி எட்டு அணிகளுக்குள் வந்துவிட்டார்கள். நாடே திரும்பிப் பார்த்தது. சில மாதங்களில் மான்சன், அதே மின்னசோட்டாவுக்கே கோச்சாகப் போய்விட்டார். பெரிய பல்கலைக்கழகம், பெரிய கூட்டமைப்பு, பெரிய சம்பளம். யாராக இருந்தாலும் போயிருப்பார்கள். நானும்தான்.

போன இடத்தில், முந்தைய கோச் காலத்தில் ஆட்டக்காரர்களுக்கு வேறொருவர் பாடக் கட்டுரைகள் எழுதிக் கொடுத்த விவகாரம் வெடித்திருந்தது. தண்டனையாக உதவித்தொகை இடங்கள் குறைக்கப்பட்டன. அந்தச் சுமையோடு ஏழு வருடம் இழுத்துப் பார்த்துவிட்டு 2006-இல் விலகினார்.

கொன்ஸாகாவில் அவர் விட்டுப்போன நாற்காலியில் உட்கார்ந்தவர், அவருக்கே துணைக் கோச்சாக இருந்த நண்பர் மார்க் ஃபியூ. அவர் எழுந்திருக்கவேயில்லை. 1999-இலிருந்து இன்றுவரை கொன்ஸாகா தவறாமல் என்.சி.ஏ.ஏ. போட்டிக்குப் போய்க்கொண்டிருக்கிறது (2020-இல் கோவிடால் போட்டியே நடக்கவில்லை). 2017-இலும் 2021-இலும் இறுதி ஆட்டம் வரை போய்த் தோற்றார்கள். பெரிய கல்லூரிகளில் இடம் காலியாகும்போதெல்லாம் ஃபியூவின் பெயர் அடிபடும். அவர் பாட்டுக்கு ஆற்றில் தூண்டில் போட்டுக்கொண்டிருப்பார். நிஜமாகவே சொல்கிறேன், மீன் பிடிப்பதில் பெரிய பிரியர்.

இதை "திருப்தியுள்ள மனிதர்" என்று குணத்தின் கணக்கில் மட்டும் எழுதிவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. கல்லூரியும் கூடவே வளர்ந்தது. 2004-இல் ஆறாயிரம் பேர் உட்காரும் புது அரங்கம் கட்டினார்கள். துணைக் கோச்சுகளும் நிலைத்து நின்றார்கள். டாமி லாயிட் இருபது வருடம் போல இருந்துவிட்டு 2021-இல்தான் அரிசோனாவின் தலைமைக் கோச்சாகப் போனார். கூடவே, சின்னக் கூட்டமைப்பில் பெரிய அணியாக இருப்பதில் ஒரு சௌகரியம் உண்டு. அங்கே வருடா வருடம் ஜெயிக்கலாம். வேறிடத்தில் ஒரு மோசமான வருடம் வந்தால் வேலை போய்விடும். வெளியே போனால் என்ன கிடைக்கும் என்பதை நண்பரே போய்க் காட்டியும் விட்டார். நாற்காலி அதேதான். ஒருவருக்குப் படி, அடுத்தவருக்கு வீடு.

இனி மான்சன். மின்னசோட்டாவுக்குப் பிறகு 2007 முதல் கலிஃபோர்னியாவில் லாங் பீச் ஸ்டேட். 2024 மார்ச்சில், பருவம் முடிந்ததும் விலக்குவதாகக் கல்லூரி அறிவித்துவிட்டது. அறிவித்த பிறகு அணி கூட்டமைப்புப் போட்டியை ஜெயித்து என்.சி.ஏ.ஏ.வுக்குள் நுழைந்தது! வேலை போன மனிதர் அணியோடு அங்கே போனார். முதல் ஆட்டத்தில் எதிரே அரிசோனா. கோச், மேலே சொன்ன அதே டாமி லாயிட். அங்கே தோற்றுவிட்டு, அறுபது வயதைக் கடந்த மான்சன் வந்து சேர்ந்த இடம்தான் சீனி. கொன்ஸாகாவிலிருந்து காரில் அரை மணி நேரம்.

மூன்று பேர் படியாக மிதித்துப் போன இடம், அவருக்கு ஊர் திரும்பும் இடமாகிவிட்டது.

சரி, மேலே போகப் போக ஓரிடத்தில் ஏணி முடிந்துவிடாதா என்று கேட்பீர்கள். நோட்டர் டேம் பல்கலைக்கழகத்தின் அமெரிக்கக் கால்பந்து கோச் வேலையை அப்படித்தான் எல்லோரும் நினைத்தார்கள். பிரையன் கெல்லி கிராண்ட் வேலி ஸ்டேட், சென்ட்ரல் மிச்சிகன், சின்சினாட்டி என்று படிப்படியாக ஏறி அங்கே வந்தவர். பன்னிரண்டு பருவம் இருந்து, அந்தக் கல்லூரியின் வரலாற்றிலேயே அதிக வெற்றி பெற்ற கோச் ஆனார். 2021 நவம்பரில் அதையும் விட்டு எல்.எஸ்.யூ.வுக்கு (லூசியானா ஸ்டேட் பல்கலைக்கழகம்) போனார். அங்கே நான்காவது பருவத்தின் நடுவிலேயே, 2025 அக்டோபரில், அனுப்பிவிட்டார்கள். மேலே இன்னும் ஒரு படி இருப்பதாக அவர் கண்ணுக்குத் தெரிந்தது, அவ்வளவுதான்.

நாம் பேசுவதெல்லாம் கோடிகளில் சம்பாதிப்பவர்களைப் பற்றி. ஸ்போகனில் எங்கள் எதிர்வீட்டில் ஒருவர் இருந்தார், சின்னக் கல்லூரி ஒன்றில் மூன்றாவது துணைக் கோச். கூடத்து மூலையில் எட்டுப் பத்து அட்டைப்பெட்டிகள் பிரிக்காமலே கிடக்கும். மனைவி நர்ஸ், மாநிலம் மாறும்போதெல்லாம் உரிமத்துக்கு மறுபடி விண்ணப்பிக்க வேண்டியிருந்தது என்பார். தலைமைக் கோச் மேலே போனால் நம்மையும் கூட்டிப்போவாரா, அவரைத் தூக்கினால் நம் கதி என்ன, இதுதான் அந்த வீட்டில் ஒவ்வொரு மார்ச்சிலும் பேச்சு. அவரிடம் போய் "படியா, சேருமிடமா?" என்று கேட்டால் சிரித்திருப்பார். அதை முடிவு செய்வது அவர் கையில் இல்லவே இல்லை.

கொன்ஸாகா அரங்கத்துக்கு டிக்கெட் கிடைப்பது குதிரைக்கொம்பு. சீனியில் அப்படி இல்லை. ஒருநாள் சாயங்காலம் வேலை முடிந்து நேராகப் போய், பெஞ்சுக்கு நாலு வரிசை பின்னால் உட்கார்ந்து பார்த்தேன். பாதி அரங்கம் காலி. ஒரு பையன் பந்தைத் தவறவிட்டதற்கு மான்சன் 1999-இல் டிவியில் கத்தியது போலவே கத்திக்கொண்டிருந்தார்.